ஞானத்தகப்பனாக யாரை நிறுத்தப் போகிறாய்?

மகனே,

நேற்று போனில் நீ "சரிப்பா" என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் "சரிப்பா"வில் இரண்டு வகை உண்டு. கேட்டுக்கொண்டேன் என்பது ஒன்று. போதும், நிறுத்துங்கள் என்பது இன்னொன்று. நேற்று வந்தது இரண்டாவது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் பேத்திக்கு ஞானஸ்நானம். அவளுக்கு ஞானத்தகப்பனாக லூர்துசாமியை நிறுத்தப் போவதாகச் சொன்னாய். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். உன் பக்கத்தில் மருமகள் ஸ்டெல்லா இருக்கிறாள், பிள்ளை அழுகிறது, நான் என் காரணத்தைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு "பிறகு சொல்றேன்" என்றேன். அதற்குத்தான் அந்தச் "சரிப்பா". உன் அம்மாவிடம் சொன்னேன், எழுதி அனுப்பப் போகிறேன் என்று. எழுதுங்கள், ஆனால் கோபத்தில் எழுதாதீர்கள் என்றாள். அதனால் இரண்டு நாள் கழித்து எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு, அதற்குள் நீ சட்டை தைக்கக் கொடுத்துவிடுவாய், சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவாய், எல்லாம் முடிவாகிவிட்டது இனி என்னப்பா என்பாய் என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன்.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. பாசாரில் மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நான் இன்னொரு மீனின் செவுளைத் தூக்கச் சொல்வேன். காட்டுகிற மீனை மட்டும் நல்லதாக வைத்திருப்பான் அல்லவா. உனக்குப் பெண் பார்த்தபோது தைப்பிங்கில் ஸ்டெல்லாவின் அப்பாவைப் பற்றி நான் அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். அவருக்கு இது இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை அவளும் படிப்பாள் என்பதால் இனித் தெரிந்துவிடும், தெரியட்டும், நல்ல மனுஷர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். என் மேல் மட்டும் குற்றம் இல்லை, தம்பி. துறைமுகத்தில் என் வேலையே அதுதான். கன்டெய்னர் பெட்டி வரும், கதவில் சீல் இருக்கும். சீல் உடையாமல் இருந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று புதிதாக வந்தவன் எழுதிவிடுவான். பழையவன் கதவுக் கீலைத் தட்டிப் பார்ப்பான். கீலின் ஆணியைக் கழற்றினால் சீலைத் தொடாமலேயே கதவைத் திறந்து மூடலாம். இதைத் தெரிந்துகொண்ட மனுஷன் வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைப் பார்த்து உடனே மயங்குவானா?

சரி, லூர்துசாமிக்கு வருகிறேன். ஆள் நம் கோயிலில் முதல் வரிசை. சுவரில் சுற்றுகிற காற்றாடிகளில் அவர் பெயர். மாதா திருநாளுக்குச் சப்பரத்துக்குப் பூ அவர் உபயம், அதையும் ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் கொண்டுவந்து கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புகிற ஏஜென்ட். சூலியா தெருவில் பாதிக் கடைகளில் தேத்தண்ணீர் ஆற்றுகிறவர்கள் அவர் கொண்டுவந்த ஆட்கள்தான். என்னைப் பார்த்தால் முழங்கையைத் தொட்டுப் பேசுவார். "அண்ணே, நீங்க நம்ம கோயிலுக்கே மூத்தவங்க லா" என்பார். நான் மூத்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனையோ வருஷம் அவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கத் திரும்பும்போது என் கைக்கு அவர் கை எட்டினதே இல்லை. எப்போது எட்ட ஆரம்பித்தது? உன் தொழிற்சாலையில் உன்னை ஆள் எடுக்கிற பிரிவுக்கு மேலாளராக்கினார்களே, அதற்கு அடுத்த வாரம். தற்செயல் என்று நீ சொல்வாய். இருக்கலாம். தற்செயலாக நடப்பவை எல்லாம் அவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு வசதியாக நடக்கின்றன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதை எழுதும்போது என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பொறாமையாக இருக்குமோ? இருக்கலாம். சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டில் லிப்ட் கெட்டுப் போனால் நான் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கும்போது அந்த மனுஷன் ஓட்டி வருகிற பெரிய கெரேத்தா ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது. நல்லபடி இருந்து என்ன கண்டோம் என்று ஒருநாள் பூசை முடிந்து வரும் வழியில் உன் அம்மாவிடம் கத்தினேன். கடவுளுக்குக் கண் இருக்கிறதா, இப்படிப்பட்டவனை வரிசையாக உயர்த்திக்கொண்டே போகிறாரே, இவன் நல்லவன் என்று அவருக்கு யார் சாட்சி சொன்னது என்று கேட்டேன். அவள் குடையை விரித்துக்கொண்டே, "சாமிகிட்ட கேக்கலாங்க. சாமிய நிக்க வச்சு விசாரிக்கக் கூடாது" என்றாள். அவளுக்கு இப்படித்தான் வரும். நான் நாள் முழுக்க யோசித்து ஒன்று சொல்வேன், அவள் குடை விரிக்கிற நேரத்தில் அதை மடக்கிப் போட்டுவிடுவாள். அதனால் பொறாமையை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, என் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

ரெலாவில் உன் புது வீட்டை மந்திரித்த நாளை நினைத்துப் பார். ஃபாதர் ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். லூர்துசாமி எனக்கு எதிரே. போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்திருந்தார். நான் அப்போதே கவனித்தேன், போனைக் கவிழ்த்து வைக்கிறவர்களை நான் எப்போதும் கவனிப்பேன். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார், அமத்துவார், மறுபடி கவிழ்ப்பார். நீதான் சொன்னாய், எடுத்துப் பேசுங்கள் அங்கிள், ஏதாவது அவசரமாக இருக்கும் என்று. அவர் சிரித்தார். "இந்தப் பசங்க தொல்லை தாங்கல லா தம்பி. காய்ச்சல்னாலும் எனக்குத்தான் போன் பண்ணுவானுங்க, சம்சாரம் சண்டை போட்டாலும் எனக்குத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு அவளுக்குப் பாட்டுப் பாடினார். குரல் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரை இருந்தார். போகும்போது, இவளுக்கு நான்தான் ஞானத்தகப்பன், வேறு யாரையும் பார்க்காதே என்று உன் தோளைத் தட்டினார். உனக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஸ்டெல்லா என்னைத்தான் பார்த்தாள். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த போன் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. தமிழ்ப் பூசையில் என் பக்கத்தில் பிரிட்டோ என்று ஒருவன் உட்காருவான். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆள். உன் வயதுதான் இருக்கும், ஊரில் இரண்டு பிள்ளைகள். சூலியா தெருவில் ஒரு கடையில் ரொட்டி போடுகிறவன். லூர்துசாமி கொண்டுவந்த ஆள். இரண்டு ஞாயிறு அவனைக் காணவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தான், தலையை மழித்திருந்தான். என்ன என்று கேட்டேன். அவனுடைய அம்மா செத்துப்போய்விட்டாள். உயிர் இழுத்துக்கொண்டிருந்தபோதே ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது, உடனே வா, உன் பெயரைத்தான் சொல்கிறாள் என்று. கடை முதலாளி நல்லவர், டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், நீ போய்ப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வா என்றிருக்கிறார். பாஸ்போர்ட் எங்கே? லூர்துசாமியின் ஆபீசில், பூட்டின அலமாரியில். இவன் ஓடியிருக்கிறான். அங்கே இருந்த பெண், "பாஸ் அவுட்ஸ்டேஷன். சாவி அவர்கிட்ட" என்றிருக்கிறாள். எப்போது வருவார் என்று கேட்டால் தெரியாது என்கிறாள். இவன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் போன் அடித்திருக்கிறான். அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அது எந்த நாள் என்று கேட்டேன். சனிக்கிழமை என்றான். எந்தச் சனிக்கிழமை என்று கேட்டேன். உன் வீடு மந்திரித்த சனிக்கிழமை, மகனே. அவர் வெளியூரெல்லாம் போகவில்லை. உன் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து என் பேத்திக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அந்த ஆபீசிலிருந்து ரெலா எவ்வளவு தூரம்? சாவியை ஒரு பையனிடம் கொடுத்து அனுப்பியிருந்தால் போதும். ஏன் கொடுக்கவில்லை என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஊருக்குப் போன ஆள் திரும்ப வராமல் போய்விட்டால் அவருக்கு ஓர் ஆள் நஷ்டம். அவ்வளவுதான். அதற்கு மேல் எந்தப் பகையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

"மூஞ்சியக்கூடப் பாக்கல அய்யா" என்றான். அழவில்லை, சும்மா சொன்னான். கேள், கதை அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் பூசைக்கு முன்னால் அறிவிப்பு வாசித்தார்களே, நீயும் இருந்தாய். காலஞ்சென்ற இன்னாருடைய ஆன்மா இளைப்பாற்றிக்காக இன்றைய பூசையை ஒப்புக்கொடுப்பவர் லூர்துசாமி குடும்பத்தார் என்று. அந்த இன்னார் பிரிட்டோவின் அம்மா. மகனைப் போகவிடாமல் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தவர், அம்மாவுக்குப் பூசை வைக்கிறார்! உனக்கு அது பெரிய மனசாகப் பட்டது. பாருங்கப்பா, தன் ஆட்களை எப்படிக் கவனிக்கிறார் என்று என் காதில் சொன்னாய். பூசை முடிந்து வாசலில் பிரிட்டோ அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னதை நான் பார்த்தேன். ஏன்டா சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "பாஸ்போர்ட்டு இன்னும் அவருகிட்டத்தான அய்யா இருக்கு" என்றான். போன வாரம் வேலை பெர்மிட் முடிந்து, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்து, அவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். சேர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். அதனால்தான் இப்போது உன்னிடம் சொல்கிறேன். அவன் இங்கே இருந்தவரை, பெற்ற பிள்ளையான உன்னிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று நீயே யோசித்துக்கொள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஏஜென்ட் எல்லாரும் அப்படித்தான் லா அப்பா என்பாய். இதையெல்லாம் பார்த்தால் யாரிடமும் பழக முடியாது என்பாய். ஞானத்தகப்பன் என்பது ஒரு மரியாதை, போட்டோவில் நிற்பார், சங்கிலி போடுவார், அதோடு முடிந்தது என்பாய். முடியாது, தம்பி. இந்த ஊரில் எத்தனையோ பேர் செய்கிற தப்பு இது. பிள்ளைக்கு யார் விசுவாசம் சொல்லித் தருவார் என்று பார்க்காமல், நமக்கு யார் நாளைக்கு உதவுவார் என்று பார்த்து முதலாளியையும் மேலதிகாரியையும் ஞானத்தகப்பனாக நிறுத்துகிறோம். அன்றையிலிருந்து அவர் வீட்டு ஆள். பிறந்தநாளுக்கு வருவார், கிறிஸ்துமசுக்கு வருவார், உரிமையோடு அடுப்படி வரை வருவார். ஒருநாள் உன் தொழிற்சாலையில் இன்னொரு பிரிட்டோ உன் மேஜைக்கு முன்னால் வந்து, சார், என் பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன் என்கிறார்கள் என்று நிற்பான். அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது குற்றம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்தச் சட்டம் உன் வேலையில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உன்னால் பேச முடியாது. உன் மகளின் ஞானத்தகப்பன் மேல் எப்படிப் புகார் எழுதுவாய்? அதற்குத்தான் அவர் இப்போதே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார் என்பது என் சந்தேகம். பொய்யாக இருந்தால் கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

இப்படி ஒருவரை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். நான் துறைமுகத்தில் சேர்ந்த புதிதில் வெல்ட் கீ படகுத்துறையில் எல்லாம் ஆள் பலத்தில்தான் நடக்கும். காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். ஆள் மேய்க்கிற மண்டோர் வந்து விரலை நீட்டுவார். விரல் யாரை நோக்கிப் போகிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த விரலுக்குப் பயந்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழை கட்டினவர்கள், தோட்டத்தில் புல் வெட்டினவர்கள் எத்தனை பேர்! ஒருநாள் மூட்டை தூக்குகிற கயிறு அறுந்து மருதை என்கிற ஆளின் கால் நசுங்கிப் போனது. பழைய கயிறு, மாற்றச் சொல்லிக் கேட்டும் மண்டோர் மாற்றவில்லை. விசாரணையில் மருதை குடித்துவிட்டு வந்து கயிற்றுக்கு அடியில் நின்றான் என்று சொல்லும்படி எல்லாருக்கும் சொல்லிவைத்தார். எல்லாரும் சொன்னார்கள். சவரிமுத்து ஒருத்தர் மட்டும், "நான் பக்கத்துலதான் நின்னேன் துவான். அவன் குடிச்சிருக்கல. கயிறுதான் அறுந்துச்சு" என்று அதிகாரியிடம் சொன்னார். நான் அப்போது ஆபீசில் சரக்குச் சரிபார்க்கிற சின்னப் பையன், என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. சவரிமுத்து சொன்னதால் மருதைக்கு ஒரு நன்மையும் வரவில்லை. ஒருத்தர் சாட்சிக்கு எதிராக அத்தனை பேர். அதற்குப் பிறகு காலையில் அந்த விரல் சவரிமுத்து நின்ற பக்கம் திரும்பவே இல்லை. அவர் சூலியா தெருவில் கடைகளுக்கு மூட்டை சுமக்கப் போனார்.

மண்டோர் பிறகு என்ன ஆனார் என்று நீ கேட்பாய். இடி விழுந்தது, பாம்பு கடித்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நான் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பங்களா கட்டினார், பெண்ணை ஊரே பார்க்கக் கட்டிக்கொடுத்தார், கோயிலில் முன்னால் உட்கார்ந்தார். பிறகு கன்டெய்னர் வந்தது. ஐம்பது பேர் தூக்கினதை ஒரு கிரேன் தூக்கியது. வேலை அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டது. விரலை நீட்ட வாசலில் ஆள் இல்லை. அவ்வளவுதான், அந்த மனுஷனின் ராஜ்யம் முடிந்துவிட்டது. அதைக் கடவுள் செய்தார் என்று உன்னிடம் நான் சாதிக்கப் போவதில்லை, கப்பல் கம்பெனிக்காரன் செய்தான். ஆனால் ஒன்று பார்த்தேன். விரல் போனதும் மனுஷன் போய்விட்டார். தெருவில் எதிரே வருகிறவர்கள் அடுத்த பக்கம் மாறிப் போனார்கள், பகையால்கூட இல்லை, பேச ஒன்றும் இல்லாததால். ஒருநாள் கோப்பிக் கடையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் மகனுக்குத் துறைமுகத்தில் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சங்கடமாகத்தான் இருந்தது. கெட்டவன் வாழ்வு கொஞ்ச காலம்தான் என்று கோயிலில் சொல்வார்கள், சரிதான். ஆனால் மண்டோருடைய அந்தக் கொஞ்ச காலத்துக்குள்ளே மருதை தன் ஆயுள் முழுவதையும் நொண்டி நொண்டி வாழ்ந்து முடித்துவிட்டான். அதனால் லூர்துசாமி ஒருநாள் விழுவார், காத்திரு என்று உனக்கு நான் சொல்லவே மாட்டேன். விழட்டும், விழாமல் போகட்டும். அவர் நிற்கிறபோது நீ அவர் பக்கத்தில் நிற்கிறாயா என்பதுதான் என் கவலை.

அந்தச் சவரிமுத்துதான் உன் ஞானத்தகப்பன். உனக்கு அவர் ஞாபகம், பழுப்பு மிட்டாய் வாங்கி வருகிற கிழவர், அவ்வளவுதான். நீ பிறந்தபோது உன் அம்மா அவரைத்தான் கேட்க வேண்டும் என்றாள். எனக்கு அவர் மேலும் சந்தேகம்தான். இவ்வளவு பணிவாக ஒருத்தர் இருக்க முடியுமா, உள்ளே ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். பூசை முடிந்தும் பின்னால் தங்குவார், எதற்கு என்று ஒருநாள் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெழுகுதிரி உருகித் தரையில் கொட்டினதைச் சுரண்டிக்கொண்டிருந்தார், கிழவிகள் வழுக்கி விழக் கூடாதென்று. அவர் சாகும்வரை பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்த விசுவாசத்தால் அவருக்கு என்ன கிடைத்தது என்றும் பார்த்தேன். பெரிதாக எதுவும் இல்லை, கடைசிவரை ஒற்றை அறை வீடுதான். ஆனால் அந்த வீட்டில் யாரைப் பற்றிப் பேசினாலும் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்ததில்லை. யார் கதவைத் தட்டினாலும் அவர் முகம் மாறினதில்லை. நான் போகிற வீடுகளில் வேறெங்கும் இதைப் பார்த்ததில்லை, என் வீட்டையும் சேர்த்துத்தான்.

உன் ஞானஸ்நானத்தன்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஃபாதர் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் பார்த்துக் கேட்பார், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவனுடைய செயல்களை விட்டுவிடுகிறீர்களா, அவனுடைய ஆரவாரத்தையெல்லாம் விட்டுவிடுகிறீர்களா என்று. எல்லாரும் விட்டுவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்வதுதான் வழக்கம். நானும் உன் அம்மாவும் சொல்லிவிட்டோம். சவரிமுத்து சொல்லவில்லை. கையில் திரியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். ஃபாதர் மறுபடி கேட்டார். கோயிலே பார்க்கிறது, எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அப்புறம்தான் மெதுவாக, விட்டுவிடுகிறேன் என்றார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன், என்ன அண்ணே இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று. "சும்மா சொல்லிரக் கூடாதுல்ல தம்பி" என்றார். "எதையெல்லாம் விடணும்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணு ரெண்டு இன்னும் கையிலதான் இருந்துச்சு."

மருதைக்காக வேலையை விட்ட மனுஷனுக்கு, கையில் இன்னும் என்ன இருந்திருக்கும்? எனக்குத் தெரியாது. ஆனால் லூர்துசாமி அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். நல்ல குரல், மூன்று தடவையும் கணீரென்று, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொல்வார். அவர் சொல்வதை நான் தடுக்க முடியாது. நீதான் தகப்பன், யாரை நிறுத்துவது என்பது உன் முடிவு. ஸ்டெல்லாவின் தம்பியை நிறுத்து, யாரையாவது நிறுத்து, என் யோசனை உனக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தக் கேள்வி ஞானத்தகப்பனுக்கு மட்டும் இல்லை, பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். இந்தக் கடிதத்துக்கு முன்னால் உனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்துகொண்டும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ வாயைத் திறக்க வேண்டும். நான் மூன்றாவது வரிசையில் இருப்பேன். அவரைப் பார்க்க மாட்டேன், உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் யோசிக்கிறாய் என்று. நீ யோசிக்காமலேயே சொல்லிவிடுவாயோ என்று இருக்கிறது, மகனே. இத்தனை வருஷம் நான் பட்ட சந்தேகங்களில் இது ஒன்றுதான் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறது.

அப்பா